பெயரின்றி நின்றவர்கள்

ரோமாபுரியின் நாவலர் சிசரோ, சொல்லாட்சிக் கலை பற்றித் தம் இளமையில் எழுதிய நூலில் ஓர் ஓவியனின் கதையைச் சொல்கிறார். தென்னித்தாலியின் குரோட்டன் நகரத்தார், தம் பெண்தெய்வத்தின் கோயிலை அணிசெய்வதற்காகச் சியூக்சிஸ் என்னும் கிரேக்க ஓவியனைப் பெரும்பொருள் கொடுத்து வரவழைத்தனர். அவன் ஹெலனின் உருவை எழுதப்போவதாகச் சொல்லி, ஊரில் அழகுடைய கன்னியர் யாரேனும் உண்டோ எனக் கேட்டான். ஊரார் அவனை நேரே மல்லுக்களத்துக்கு அழைத்துச் சென்று, அங்கே ஆடையின்றிப் பயின்றுகொண்டிருந்த சிறுவர்களைக் காட்டி, "இவர்களுடைய சகோதரிகள் வீட்டில் இருக்கிறார்கள்; இவர்களைப் பார்த்து அவர்களை ஊகித்துக்கொள்ளலாம்" என்றனராம். ஓவியன் விடவில்லை. பின்னர் ஊர்ச்சபை கூடி முடிவுசெய்து பெண்களை ஓரிடத்தில் வரவழைத்தது. அவர்களுள் ஐவரைத் தேர்ந்து, ஐவரின் அழகையும் ஒருத்தியிடம் சேர்த்து ஹெலனை வரைந்தான் சியூக்சிஸ்.

கதை பலரும் அறிந்ததே. ஆயின் போகிற போக்கில் சிசரோ எழுதிச் செல்லும் ஒரு செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த ஐந்து கன்னியரின் பெயர்களைக் கவிஞர் பலர் பதிவு செய்து வைத்துள்ளனர் என்கிறார் அவர். அழகை நன்கு மதிப்பிடத் தெரிந்த ஒருவனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால் அவர்களுக்கு அந்தச் சிறப்பாம். அப்பாடல்கள் நம் கைக்கு வந்து சேரவில்லை. சிசரோவும் பெயர்களைத் தம் நூலில் எழுதவில்லை. கவிஞர்களின் மலருக்கு எழுத அமர்ந்தபோது எனக்கு முதலில் நினைவில் எழுந்தது இச்செய்திதான்.

ஓவியப் பள்ளிகளில் மாணவர் வரைவதற்காக மேடைமேல் நிற்கும் ஆணையும் பெண்ணையும் உலகெங்கும் 'மாடல்' என்ற ஒரே சொல்லால் அழைக்கின்றனர். விளம்பரப் படங்களில் புன்னகைப்போரும் அச்சொல்லைப் பங்கிட்டுக் கொண்டுவிட்டனர் என்பது வேறு செய்தி. நான் இங்கே பேச விரும்புவது முன்னவரைப் பற்றி மட்டுமே. நம் சிற்ப மரபில் இத்தொழிலுக்குத் தேவை எழவில்லை. தாலமானம் என்னும் அளவுமுறை இருந்தது. முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு இன்ன தெய்வத்துக்கு இத்தனை தாலம் என்று வகுத்த நூல்கள் இருந்தன. தியான சுலோகம் மனத்தில் இருந்தது. எதிரே ஒரு மனிதர் மணிக்கணக்கில் நிற்க வேண்டிய அவசியம் சிற்பிக்கு நேரவில்லை. ஐரோப்பாவிலோ பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து கண்முன் நிற்கும் உடலே பாடநூலாயிற்று.

தொடக்கத்தில் இதற்கென்று தனி ஆட்கள் இல்லை. பட்டறையில் வேலை பழகும் பையன்களே ஆடை களைந்து ஒருவருக்கொருவர் நின்றனர். பெண்ணுருவத்துக்கும் அவர்களே. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் மைக்கலாஞ்சலோவின் சிவப்புச் சுண்ணக் கோட்டோவியம் ஒன்று உண்டு. சிஸ்டைன் தேவாலயக் கூரையில் பெரிய ஏட்டைத் தூக்கியபடி திரும்பும் லிபியத் தீர்க்கதரிசினிக்காக வரைந்து பார்த்தது. அதில் முறுகித் திரும்பும் முதுகு ஐயத்துக்கிடமின்றி ஓர் ஆணின் முதுகு. கூரைமேல் ஏறியபோதுதான் அவன் பெண்ணானான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பொலோன்யா நகரில் கராச்சி குடும்பத்தார் நடத்திய கழகமும், 1648இல் பாரிசில் தோன்றிய அரச ஓவியக் கழகமும் உடலைப் பார்த்து வரைவதைப் பாடத்திட்டத்தின் முடியாக வைத்தன. முதலில் அச்சுப்படங்களைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு பாரிஸ் சாந்தில் வார்த்த பழஞ்சிலைகள். அவற்றில் தேர்ந்தவனே உயிருள்ள உடல் நிற்கும் அறைக்குள் நுழையலாம். ஆடையற்ற உருவத்தைத் தீட்டிய படத்துக்கே பிரெஞ்சு மொழியில் 'அகதெமி' என்று பெயர் விழுந்துவிட்டது.

இந்த அறைக்குள் யார் நுழையலாம், யார் நுழையக் கூடாது என்பதில்தான் வரலாற்றின் வேடிக்கைகளும் கொடுமைகளும் அடங்கியுள்ளன. லண்டனில் 1768இல் நிறுவப்பெற்ற ராயல் அகாதெமியின் நிறுவன உறுப்பினர்களுள் அஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்டிர் இருந்தனர். சில ஆண்டுகளில் ஜோஹன் சொஃபானி அவ்வுறுப்பினர் அனைவரையும் ஒரே படத்தில் எழுதினார். (பின்னாளில் லக்னோவுக்கு வந்து நவாபையும் சேவற்சண்டையையும் எழுதிய அதே சொஃபானிதான்.) படத்தில் விளக்கொளியின்கீழ் ஆடவர் கூடியிருக்கின்றனர், ஒரு மாடல் மேடையில் அமர்த்தப்படுகிறான், இன்னொருவன் முன்னால் ஆடை களைகிறான். இரு பெண் உறுப்பினரையும் அங்கே எப்படி அமர்த்துவது? சொஃபானி அவர்களைச் சுவரில் மாட்டிய இரு உருவப்படங்களாக எழுதிவிட்டார்! உறுப்பினர் என்ற கணக்கும் தப்பவில்லை; நாகரிகமும் தப்பவில்லை.

ஆண் மாணவர்களுக்கும் கட்டுப்பாடு இருந்தது. இருபது வயது நிறையாதவன், மணமானவனாக இருந்தாலொழிய, பெண் மாடல் நிற்கும் வகுப்பில் அமரக் கூடாது என்பது விதி. பெண்களுக்கோ பள்ளிக் கதவே 1860இல்தான் திறந்தது. அதுவும் லாரா ஹெர்ஃபர்ட் என்பவர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டுத் தம் ஓவியத்தை அனுப்பியதால், ஆண் என்று கருதித் தேர்ந்துவிட்டனர். உள்ளே வந்த பின்னும் முப்பதாண்டுக்கு மேல் மனித உடல் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் எழுதி, 1893இல் ஒருவாறு இசைவு கிடைத்தது. மாடல் எவ்வாறு மறைந்திருக்க வேண்டும் என்று அகாதெமி அப்போது வகுத்த விதி படிக்கத் தக்கது. குளிக்கும்போது அணியும் அரைச்சட்டை ஒன்று. அதன்மேல் ஒன்பதடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள மெல்லிய துணியை இடுப்பில் சுற்றி, கால்களுக்கிடையே வாங்கி, மேலே செருக வேண்டும். அதுவும் நழுவாதபடி மெல்லிய தோல்வார் ஒன்றால் இறுக்க வேண்டும். ஒன்பதடி என்பது ஆறு முழம். ஆறு முழத் துணியைக் கச்சம் பாய்ச்சிக் கட்டும் முறையை, அத்தனை ஓவிய மேதைகள் கூடிச் சட்டமாக இயற்றினார்கள் என்றெண்ண நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த முப்பதாண்டில் கற்க வந்து, உடலைக் கற்காமலே போன பெண்களை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும். வரலாற்றுப் படமும் புராணப் படமும் எழுத உடலமைப்பு அறிவு வேண்டும். அவையே உயர்ந்த ஓவியமென மதிக்கப்பட்ட காலம் அது. பெண்கள் பூங்கொத்தும் குழந்தை முகமும் எழுதுவது அவர்களின் இயல்பு என்று விமரிசகர் எழுதினர். இயல்பல்ல அது, விதி.

கடலுக்கு அப்பால் ஃபிலடெல்ஃபியாவில் இதே விதி வேறுவகையில் வெடித்தது. தாமஸ் ஏக்கின்ஸ் அங்குப் பென்சில்வேனியக் கலைக் கழகத்தில் ஆசிரியர். 1882 முதல் அதன் தலைவர். எலும்பும் தசையும் அறியாமல் தோலை வரையக் கூடாது என்ற பிடிவாதக்காரர். 1882 வாக்கில் எடுத்த ஒரு புகைப்படத்தில், அக்கழகத்தின் பெண் மாணவிகள் களிமண்ணில் உருவம் பிடிக்க, நடுவே ஒரு பசுமாடு நிற்கிறது! 1886இல், மாணவிகளும் இருந்த வகுப்பில், இடுப்புத் தசை எங்கே தொடங்குகிறது எனக் காட்டுவதற்காக ஆண் மாடலின் அரைத்துணியை அகற்றினார் ஏக்கின்ஸ். பதவி போயிற்று. இந்த நிகழ்ச்சியைப் பேசுவோர் எல்லாரும் ஏக்கின்சின் துணிவைப் பேசுவர். மாணவியரின் உரிமையைப் பேசுவர். மேடைமேல் நின்றிருந்தவனிடம் யாரேனும் கேட்டார்களா என்று எவரும் பேசக் காணோம்.

அவனைப் போன்றோரின் நிலை என்னவென்று ஏக்கின்சின் மாணவப் பருவத்து ஓவியங்களே காட்டும். 1860களில் அவர் கரிக்கோலால் வரைந்த ஆடையற்ற பெண்கள் முகத்தில் கறுப்பு மூடியணிந்து அமர்ந்திருக்கின்றனர். அந்நகரில் இத்தொழிலுக்கு வந்த பெண்கள் தம்மை அடையாளம் காணாதிருக்க அவ்வாறு அணிந்தனர். உடல் முழுவதும் வெளிச்சத்தில். மறைக்க வேண்டியதாக இருந்தது முகம் ஒன்றுதான்.

ஏக்கின்ஸ் இதை மறக்கவில்லை என்று கருதுகிறேன். வில்லியம் ரஷ் என்ற பழைய மரச்சிற்பி, ஒரு பெண்ணை நிறுத்தி ஆற்றுத் தெய்வத்தைச் செதுக்கும் காட்சியை 1877இல் எழுதினார். அதில் மாடல் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள்; அருகே முதிய பெண்ணொருத்தி துணைக்கு அமர்ந்து பின்னல் வேலை செய்கிறாள். முப்பதாண்டு கழித்து, 1908 வாக்கில், அதே பொருளை மீண்டும் எடுத்தார். அவற்றுள் ஹொனலுலு அருங்காட்சியகத்தில் உள்ள படத்தில் செதுக்கும் வேலை முடிந்துவிட்டது. மாடல் மேடையிலிருந்து இறங்குகிறாள். நேராக நம்மைப் பார்த்தபடி வருகிறாள். சிற்பி, ஒரு சீமாட்டி வண்டியிலிருந்து இறங்கும்போது செய்வது போல, அவள் கையைப் பற்றி இறக்கிவிடுகிறார். ஓவிய வரலாற்றில் மாடல் மேடையில் இருக்கும் படங்கள் எண்ணில. அவள் இறங்கும் கணத்தை எழுதியவர் மிகச் சிலரே.

மேடையில் நிற்பது எத்தகைய வேலை என்பதைச் சற்றே சொல்ல வேண்டும். சும்மா நிற்பதற்குக் கூலியா என்று கேட்போர் ஐந்து நிமிடம் ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்தி வைத்துப் பார்க்கலாம். எடையை ஒரு காலில் தாங்கி மறுகாலைத் தளர்த்தும் நிலை, நம் சிற்பிகள் திரிபங்கம் என்பதற்கு நெருங்கியது, பார்க்க எளிதாகத் தோன்றும். பத்து நிமிடத்தில் தாங்கும் காலின் குதிகால் எரியத் தொடங்கும், பிறகு இடுப்பு, பிறகு கால் மரத்து, அது தன்னுடையது என்ற உணர்வே போகும். இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு தருவது வழக்கம். மீண்டும் அதே இடத்தில் அடிவைக்கப் பாதத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு வரைந்திருப்பர். கை உயர்த்த வேண்டிய நிலைகளுக்குக் கூரையிலிருந்து கயிறு தொங்கும். அல்லது ஊன்ற ஒரு கோல் கிடைக்கும். பழைய படங்களில் வேலும் தடியும் ஏந்திய வீரர் இத்தனை பேர் இருப்பதற்கு அந்தக் கோலும் ஒரு காரணம். குளிர்நாடுகளில் அறையில் கணப்படுப்பு எரியும். அடுப்பை நோக்கிய பக்கம் வேகும், மறுபக்கம் விறைக்கும். பாரிசின் தனியார் பயிலகங்களில் ஒரே நிலை திங்கட்கிழமை முதல் வார இறுதி வரை தொடரும். வியாழனன்று உடல் திங்களன்று இருந்தது போல இராது என்பதை மாணவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

பாரிசு இத்தொழிலின் தலைநகராயிற்று. பிகால் சதுக்கத்து நீரூற்றைச் சுற்றி மாடல்கள் காலையில் கூடுவர். ஓவியர் வந்து பார்த்து அழைத்துச் செல்வர். நம் ஊர்களில் கொத்தனாரும் சித்தாளும் விடியலில் முச்சந்தியில் நிற்பதை ஒத்த காட்சிதான். பலர் இத்தாலிய மலைநாட்டு ஏழைகள், குடும்பத்தோடு வந்தவர்கள். கிழவர் கடவுள் தந்தையாகவும் தாய் மரியாளாகவும் மகன் தேவதூதனாகவும் நின்று பிழைத்தனர்.

அப்படி வந்தவருள் ஒருவன் அப்ருஸ்ஸிப் பகுதிக் குடியானவன், பிக்னதெல்லி. ரோதானின் பட்டறைக்கு வேலை கேட்டு வந்தான். அதற்குமுன் எங்கும் மாடலாக நின்றவனல்லன். ஆடையைக் களைந்து, சுழல்மேடை மேலேறி, இரு கால்களையும் அகல ஊன்றி, தலை நிமிர்ந்து, உடலின் எடை இரு கால்களிலும் சமமாகப் பரவ நின்றான். பயின்றவன் எவனும் அப்படி நிற்கமாட்டான். எடையை ஒரு காலில் வைப்பதே பள்ளிகள் கற்பித்த அழகு. ரோதான் அந்த நிலையை அப்படியே பிடித்துக்கொண்டார். 1878இன் 'திருமுழுக்கு யோவான்' அவ்வாறு பிறந்தது. தலையும் கைகளும் இல்லாத 'நடக்கும் மனிதன்' அதிலிருந்து பிறந்தது. இருபதாம் நூற்றாண்டுச் சிற்பத்தின் வாயிலில் நிற்பது, மாடலாக நிற்கத் தெரியாத ஓர் ஏழையின் காலடி.

ரோதானைப் பற்றி இன்னும் இரண்டு. அவரது 'வெண்கல யுகம்' 1877இல் காட்சிக்கு வந்தபோது, இது செதுக்கியதன்று, உயிருள்ள உடலின்மேல் சாந்து பூசி அச்செடுத்தது என்று குற்றம் சாட்டினர். மாடலாக நின்றவர் ஒகுஸ்த் நெய்த் என்ற பெல்ஜியப் படைவீரர், வயது இருபத்திரண்டு. அவர் அதே நிலையில் நின்று புகைப்படம் எடுக்கச் செய்து, சிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி அனுப்பினார்கள். கலைஞனின் நேர்மைக்கு மாடலின் உடலே சாட்சி சொல்ல வேண்டி வந்தது. மற்றொன்று 'ஏவாள்'. அதற்கு நின்றவள் ஓர் இத்தாலியப் பெண். நாள்தோறும் இடுப்பின் கோடு மாறுவதைக் கண்டு ரோதான் தம் கண்ணைத்தான் முதலில் ஐயுற்றார். மீண்டும் மீண்டும் களிமண்ணைத் திருத்தினார். அவள் கருவுற்றிருக்கிறாள் என்று பிறகே தெரிந்தது. அதன்பின் அவள் வருகை குறைந்து நின்றுபோயிற்று; சிலையும் முற்றுப்பெறாமலே நின்றது. ஏவாளுக்குத் தாய்மை பொருத்தமே என்று ரோதான் பின்னர் சொல்லிக்கொண்டார். அந்தக் குளிரறையில் தன் நிலையை வெளியிடாமல் அவள் நின்ற நாள்களைப் பற்றி அவள் சொல்லக் கேட்டு எழுதியவர் இல்லை.

சொல்லக் கேட்காதவர் வரிசையில் கறுப்பின மாடல்களுக்குத் தனியிடம் உண்டு. ஹெய்தித் தீவில் பிறந்த ஜோசப், பாரிசில் வித்தைக் கூத்தாடிகளோடு இருந்தபோது ஜெரிக்கோவின் கண்ணில் பட்டார். 1819இன் 'மெதூசாவின் தெப்பம்' படத்தில் பிணங்களும் சாகக் கிடப்போருமாகக் குவிந்த கூட்டத்தின் உச்சியில், தொலைவில் தெரியும் கப்பலை நோக்கித் துணி வீசுபவரின் முதுகு ஜோசப்புடையது. 1832இல் அரசு ஓவியப் பள்ளியே அவரைச் சம்பள மாடலாக அமர்த்தியது. இத்தனைக்கும் அவர் உருவைத் தனியே எழுதிய படங்கள் 'ஒரு நீக்ரோவின் ஆய்வு' என்ற தலைப்போடுதான் சுவரேறின.

எதுவார் மனேயின் 'ஒலிம்பியா' இன்னும் தெளிவான சான்று. 1865இல் பாரிசு அதைப் பார்த்துக் கொதித்தது. கட்டிலில் படுத்திருப்பவளைப் பற்றி எழுதாத ஏடில்லை. பின்னால் பூங்கொத்து ஏந்தி நிற்கும் கறுப்பினப் பெண்ணின் பெயர் மனேயின் குறிப்பேட்டில் மட்டும் இருந்தது: லோர், விந்திமிய் தெரு, பதினொன்றாம் எண், மூன்றாம் மாடி. 2019இல் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகம் கறுப்பின மாடல்களைப் பற்றி ஒரு பெருங்காட்சி நடத்தியது. பெயர் தெரிந்தவரின் படங்களுக்கு அவர்கள் பெயரையே தலைப்பாக இட்டனர். 1800இல் பெனுவா என்ற பெண் ஓவியர் எழுதி, 'ஒரு நீக்ரோப் பெண்ணின் உருவப்படம்' என்றே லூவரில் தொங்கிய ஓவியம், 'மதலேனின் உருவப்படம்' ஆயிற்று. இருநூற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின அதற்கு.

கட்டிலில் படுத்தவளின் கதை வேறு. அவள் விக்தொரின் மெராங். 1844இல் பாரிசில் கைவினைஞர் குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டாம் வயதில் மனேக்கு மாடலாகத் தொடங்கினார். தெருப்பாடகியாக, காட்டில் ஆடையின்றி அமர்ந்தவளாக, ஒலிம்பியாவாக. அவரைப் பற்றி எழுதியோர் பலர், குடியில் சீரழிந்து இளமையில் மறைந்த தெருப்பெண் என்றே எழுதி வந்தனர். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர். ஆவணங்களைத் தேடிச் சென்றவர்கள் கண்டது வேறு. விக்தொரின் முறையாக ஓவியம் பயின்றவர். 1876ஆம் ஆண்டு அரசுக் காட்சியில் அவருடைய தன்னுருவப்படம் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு மனேயின் ஓவியங்கள் தள்ளப்பட்டன. 1903இல் பிரெஞ்சு ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். 1927இல், எண்பத்து மூன்றாம் வயதில், கொலோம்ப் என்ற புறநகரில் காலமானார். அமெரிக்க ஆய்வாளர் யூனிஸ் லிப்டன் இந்தத் தேடலையே 1992இல் ஒரு நூலாக எழுதினார்.

மனே இறந்த 1883ஆம் ஆண்டில் விக்தொரின் அவர் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். படங்கள் விற்றால் உனக்கொரு பங்கு தருவேன் என்று மனே சொன்னதையும், அப்போது இளமைச் செருக்கில் தான் அதை மறுத்ததையும், இனி நிற்க முடியாத காலம் வந்தால் நினைவூட்டுகிறேன் என்று சொல்லி வைத்ததையும் குறிப்பிட்டு, அந்தக் காலம் வந்துவிட்டது என்று எழுதினார். ஏழாண்டு கழித்து, 1890இல், 'ஒலிம்பியா'வை அரசுக்கு அளிப்பதற்காக மோனே நண்பர்களிடம் தண்டிச் சேர்த்த தொகை ஏறத்தாழ 20,000 பிராங்க்.

விக்தொரின் தீட்டிய ஓவியங்களுள் இன்று கிடைப்பவை மிகச் சில. அந்த 1876ஐ ஒட்டிய தன்னுருவப்படத்தை 2021இல் பாஸ்டன் அருங்காட்சியகம் வாங்கியது. மனே எழுதிய 'தெருப்பாடகி'யும் அதே பாஸ்டனில்தான் உள்ளது. ஒரே கூரையின்கீழ், மற்றவர் பார்த்த விக்தொரினையும் தம்மைத் தாமே பார்த்த விக்தொரினையும் இப்போது பார்க்கலாம். இரண்டாவது முகத்தில் மெலிவும் எச்சரிக்கையும் உண்டு. மனேயின் கண்ணில் பட்ட அலட்சியம் அங்கே இல்லை.

மேடையிலிருந்து இறங்கித் தூரிகை எடுத்தவர்களில் தலைசிறந்தவர் சூசான் வாலதோன். 1865இல் ஒரு சலவைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தார். தந்தை பெயர் தெரியாது. சர்க்கசில் ஊஞ்சல் ஆடுகையில் விழுந்து, பதினைந்து வயதில் அந்தப் பிழைப்பு முடிந்தது. பிறகு மோன்மார்த்தரில் பத்தாண்டுக்கு மேல் மாடல் வேலை. புவி த ஷவானின் சோலையில் உலவும் கலைமகளிர், ரெனுவாரின் 'புழிவாலில் நடன'த்தில் சுழலும் சிவப்புத் தொப்பிக்காரி, எல்லாம் அவரே. இயற்பெயர் மரி கிளமந்தீன். முதியோர் பலருக்கு நிற்பதைப் பார்த்து, விவிலியத்தில் கிழவர்கள் ஒளிந்து பார்த்த சூசன்னாளின் பெயரை விளையாட்டாக இட்டவர் துலூஸ் லொத்ரெக். அந்தக் கேலிப் பெயரையே அவர் கையெழுத்தாக்கிக் கொண்டார்.

அவருக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. கட்டணம் கட்ட வழியுமில்லை. நின்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். ஓவியன் எங்கே தொடங்குகிறான், எந்தக் கோட்டை அழிக்கிறான், எப்போது தயங்குகிறான் என்பதை மேடையிலிருந்து நன்கு காணலாம். மாணவனுக்கு ஓர் ஆசிரியர். மாடலுக்கோ அறையிலிருக்கும் எல்லாரும். வாலதோனின் கோட்டோவியங்களைக் கண்ட தெகா, நீ எங்களில் ஒருத்தி என்று சொல்லி, தாமே அவற்றை விலைக்கு வாங்கினார். 1894இல் தேசியக் காட்சியில் அவை இடம்பெற்றன.

அவர் எழுதிய பெண்ணுடல்களை மற்றவர் எழுதியவற்றோடு வைத்துப் பார்க்குந்தோறும் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. அந்தப் பெண்கள் களைத்திருக்கிறார்கள். காலை நீட்டி அமர்கிறார்கள், துவட்டிக்கொள்கிறார்கள். பார்ப்பவனுக்காக இடுப்பை வளைப்பதில்லை. எந்த நிலையில் எந்த எலும்பு வலிக்கும் என்று அறிந்த கை எழுதிய உடல்கள் அவை. 1909இல் ஆதாமும் ஏவாளுமாகத் தம் காதலர் உத்தெரையும் தம்மையும் ஆடையின்றி எழுதினார். பெண்ணொருத்தி ஆணை நிறுத்தி எழுதியது அக்காலத்துக்கு மிகப் புதிது. 1920இல் அதைக் காட்சிக்கு வைக்க வேண்டி வந்தபோது ஆதாமின் இடுப்பில் இலைமாலை ஒன்றைத் தீட்டிச் சேர்க்க நேர்ந்தது. ஏவாளுக்கு இலை தேவைப்படவில்லை! லண்டன் அகாதெமியின் ஆறு முழத் துணி நினைவுக்கு வருகிறதல்லவா?

நம் வட்டத்தார் கவிஞர்கள் ஆதலின் எலிசபெத் சித்தாலைச் சொல்லாமல் செல்வது முறையாகாது. 1852ஆம் ஆண்டு நீரோட்டத்தில் மிதக்கும் ஒஃபீலியாவாக மிலேக்கு அமைந்தவர் அவர். குளியல் தொட்டியில் நீர் நிரப்பி, அடியில் விளக்கேற்றிச் சூடாக்கி, அதில் நாள்தோறும் கிடந்தார். ஒருநாள் விளக்குகள் அணைந்தன. மிலே கவனிக்கவில்லை, சித்தால் சொல்லவும் இல்லை. கடுங்குளிர்க் காய்ச்சல் கண்டது. மருத்துவச் செலவுக்கு ஐம்பது பவுன் கேட்டார் தந்தை. சித்தால் ஓவியரும் கவிஞருமாவார். அவர் உயிரோடிருந்தவரை அவர் கவிதை ஒன்றும் அச்சேறவில்லை. 1862இல் அவர் மறைந்தபோது கணவர் ரோசெட்டி தம் கவிதைக் கைப்பிரதியைச் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார். ஏழாண்டு கழித்துத் தோண்டி எடுத்து அச்சிட்டார்.

ஆண்களில் தம் கதையைத் தாமே எழுதியவர் க்வென்டின் கிரிஸ்ப். 1942இல், இளைஞரெல்லாம் போருக்குச் சென்றிருந்த லண்டனில், மாடல் கிடைப்பது அரிதாகவே அவருக்கு அவ்வேலை கிடைத்தது. ஓவியப் பள்ளிகளின் கூலி அரசுப் பணத்திலிருந்து வந்தமையால், 1968இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு 'ஆடையில்லா அரசு ஊழியன்' என்று பொருள்படப் பெயரிட்டார். அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரையும் அவர் விட்டுவைக்கவில்லை என்று எனக்குத் தோன்றும்.

நம் நாட்டுக்கு இத்தொழில் ஆங்கிலேயர் நிறுவிய ஓவியப் பள்ளிகளோடு வந்தது. சென்னைப் பள்ளி 1850இல் தோன்றியது. அதனை முப்பதாண்டுக்குச் சற்றுக் குறைவாக, 1957 வரை நடத்தியவர் தேவிபிரசாத் ராய் சௌதுரி. மெரினாவில் 1959இல் நிறுவப்பெற்ற அவரது உழைப்பாளர் சிலையில் நால்வர் பாறையைப் பெயர்க்கின்றனர். அந்நால்வருக்கும் நின்றவர் இருவரே என்றும், ஒருவர் பள்ளியின் இரவுக் காவலாளி, மற்றவர் மாணவர் என்றும் கூறுவர். மே நாள்தோறும் மாலை விழுகிறது அச்சிலைக்கு. பம்பாய் ஓவியப் பள்ளியில் மகனைப் படிக்கவைக்க மாடலாக நிற்கும் ஒரு தாயைப் பற்றி ரவி ஜாதவ் 'நியூட்' என்ற மராத்தித் திரைப்படம் எடுத்தார். 2017இல் கோவா திரைப்பட விழாவின் பட்டியலில் தேர்வான பின் அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திரைக்கு வந்தது. அந்தத் தாய் செய்வது வேலை என்பதை ஒப்ப நம் சமூகத்துக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது.

கூச்சம் குறைந்த பாரிசிலும் கூலி பெருகிவிடவில்லை. அங்கே வகுப்பு முடிந்ததும் ஓவியக் காகிதமொன்றைக் கூம்பாகச் சுருட்டி மாணவரிடையே அனுப்புவது வழக்கம்; அவரவர் விருப்பம்போல் சில்லறை இடுவர். நகராட்சி தன் வகுப்புகளில் அந்தக் கூம்பைத் தடைசெய்தது. 2008 டிசம்பரில், உறையும் குளிரில், மாடல்கள் நகராட்சியின் பண்பாட்டு அலுவலகத்தின் முன் ஆடை களைந்து, வகுப்பில் நிற்பது போலவே அசையாமல் நின்றனர். முறையான ஒப்பந்தமும், ஏற்ற கூலியும், தாங்கள் செய்வது ஒரு தொழில் என்ற ஒப்புதலும் அவர்கள் கேட்டவை.